மட்டப்பா போட்டாச்சு, கட்டடம் எப்போ முடியும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு போட்டோவுல இருந்து ஆரம்பிக்குது.

போன மாசம் எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புல ஒரு படம் வந்தது. சங்கரன்கோவில் பக்கத்துல எங்க ஊர். அங்க புதுசா ஒரு கூடம் கட்டிக்கிட்டு இருக்காங்க. மேல கான்கிரீட் போட்டு முடிச்சிருக்கு, கீழ முழுக்க முட்டுக் கம்பு. படத்துக்குக் கீழ ஒரு வரி: "கர்த்தருடைய கிருபையால் 80 சதவீதம் பணி நிறைவு. மீதிக்கு உங்கள் காணிக்கை தேவை." அதுக்கும் கீழ அக்கவுண்ட் நம்பர்.

அன்னைக்கு ராத்திரியே ஆச்சி போன் பண்ணினா. "எய்யா, மட்டப்பா போட்டாச்சாம்லா. கிறிஸ்துமஸ் அசனம் உள்ள வச்சுத்தான் இருக்கும், பாரு." ஆச்சிக்கு 78 வயசு. பீடி சுத்துன காசுல சேர்த்து வச்சிருந்த ஐயாயிரத்தை வானம் தோண்டின அன்னைக்கே கொடுத்துட்டா. நான் 25,000 தர்றேன்னு சொல்லியிருந்தேன். இன்னும் அனுப்பலை.

அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு விஷயம் தெரியணும்னு தோணுச்சு. 80 சதவீதம்னா என்ன? எதோட 80? தெரிஞ்ச இன்ஜினியர் ஒருத்தர்கிட்ட உட்கார்ந்து கேட்டேன், பழைய வரலாறும் கொஞ்சம் படிச்சேன். அதைத்தான் இப்ப உங்களுக்குச் சொல்லப்போறேன். உங்க ஊர்ல அது கோயில் மண்டபமா இருக்கலாம், ஜமாஅத் கூடமா இருக்கலாம், உறவின்முறைக் கல்யாண மண்டபமா இருக்கலாம். கணக்கு எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

முதல்ல, சேகரம்னா என்ன?

சிட்டில வளர்ந்தவங்களுக்கு இந்த வார்த்தை புதுசா இருக்கலாம். கத்தோலிக்கத்துல 'பங்கு'ன்னு சொல்றதைத்தான் திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ சபைகள்ல 'சேகரம்'னு சொல்லுவாங்க. ஒரு குருவானவரோட பொறுப்புல இருக்கற பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். அதனால சேகரக் கூடம்னா ஒரு தெருவுக்கான கூடம் இல்லை. சுத்தியிருக்கற நாலைஞ்சு ஊர்க்காரங்களுக்குப் பொதுவானது. கல்யாணம், துக்கவீட்டுச் சாப்பாடு, வி.பி.எஸ், அசனம் எல்லாம் அங்கதான் நடக்கும். அசனம்னா எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடற பந்தி. பணக்காரர், கூலிக்காரர்னு பார்க்காம ஒரே வரிசையில இலை போடணும்ங்கறதுதான் அதோட அர்த்தமே.

காசு வர்ற வழியும் பழசு. வீட்டுல உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியா எடுத்து வைக்கறது, அறுப்பின் பண்டிகையில கொண்டுவந்த பூசணிக்காயையும் சேவலையும் ஏலம் விடறது, இதெல்லாம் இன்னைக்கும் நடக்குது. அதோட இப்ப சென்னை, பெங்களூர், துபாய்ல இருக்கற நம்ம மாதிரி ஆளுங்களோட ஜிபே சேர்ந்திருக்கு.

கண்ணுக்குத் தெரியாத வேலை

ஊர்ல கட்டட வேலையைப் படிப்படியா பேர் சொல்லிச் சொல்லுவாங்க. வானம் தோண்டியாச்சு, பேஸ்மென்ட் போட்டாச்சு, லிண்டல் மட்டம் வந்தாச்சு, மட்டப்பா போட்டாச்சு, பூச்சு முடிஞ்சுது, தளம் போட்டாச்சு, பெயின்ட் அடிச்சாச்சு. இதுல மட்டப்பா வந்ததும் எல்லாருக்கும் கட்டடம் முடிஞ்ச மாதிரி தோணும். உருவம் வந்துடுதுல்ல, அதான்.

ஆனா ரொம்ப முக்கியமான வேலை மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடக்கு. சங்கரன்கோவில் வட்டாரத்துல செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. கரிசல் மண்ணைக் கோடையில பார்த்திருப்பீங்க, பாளம் பாளமா வெடிச்சு நிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்ஞ்சா தண்ணியைக் குடிச்சு உப்பும். வருஷா வருஷம் சுருங்கி விரியற அந்த மண்ணு மேல சும்மா மூணடி தோண்டிச் சுவர் வச்சா, ரெண்டாவது மழைக்கே சுவர்ல விரிசல் விழும்.

இதுக்கு ரூர்க்கியில இருக்கற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு வழியை உருவாக்கிப் பரப்புச்சு. கான்கிரீட் தூணை மண்ணுக்குள்ள ஆழமா இறக்கி, அடியில வெங்காயம் மாதிரி ஒரு குமிழ் வச்சுடறது. ஆழமான கரிசல்ல பொதுவா மூன்றரை மீட்டராவது இறக்குவாங்க. அந்த ஆழத்துல மண்ணோட ஈரம் பெருசா மாறாது. மேல மண்ணு உப்பினாலும் குமிழ் பிடிச்சு நிறுத்திடும். இந்தச் செலவு எந்தப் போட்டோவுலயும் வராது. "ஆறு மாசமா ஒண்ணுமே எழும்பலையே"ன்னு ஊர்ல பேசற காலம் பெரும்பாலும் இதுதான். அந்தப் பேச்சுக்குப் பயந்து அஸ்திவாரத்துல காசை மிச்சம் பிடிச்சா, பிற்பாடு எவ்வளவு செலவழிச்சாலும் சரி பண்றது கஷ்டம்.

வேலை நின்னுபோச்சா?

அடுத்த சந்தேகம். மட்டப்பா போட்டு ரெண்டு வாரம் ஆகியும் கொத்தனார் ஒருத்தரையும் காணோம். குரூப்புல ஒரு சித்தப்பா, "காசு தீர்ந்துபோச்சு போல"ன்னு போட்டார்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 40 அடிக்கு 60 அடி கூடம், அதாவது 2,400 சதுர அடி. ஊர்க் கணக்குல 24 சதுரம். அஞ்சு இஞ்ச் கனத்துல மேல்தளம் போட்டா 1,000 கன அடி கான்கிரீட், சுமார் 28 கன மீட்டர். சாதாரண எம்-20 கலவைக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமென்ட். அப்போ தளத்துக்கு மட்டுமே 225 மூட்டை. பீம் கணக்கு தனி.

கூடத்துக்கு நடுவுல தூண் நின்னா பந்தி போட முடியாது, மேடை தெரியாது. அதனால 40 அடி அகலத்தையும் பீமே தாண்டணும். அந்தப் பீம் மூணு அடி ஆழம் கிட்ட வரும். இந்தச் செலவைத் தவிர்க்கத்தான் நிறைய ஊர்ல இரும்பு ட்ரஸ் போட்டு ஷீட் மாட்டிடறாங்க. வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறையும். ஆனா மே மாசம் உள்ள உட்கார முடியாது, மழை பெய்ஞ்சா பிரசங்கம் காதுல விழாது. எங்க ஊர்ல கான்கிரீட்டே போதும்னு முடிவு பண்ணியிருக்காங்க.

இவ்வளவு பெரிய பீமுக்கு முட்டை எப்போ பிரிக்கணும்? இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 சொல்றது இதுதான்: சாதாரண சிமென்ட்டா இருந்தா, 6 மீட்டருக்கு மேல நீளமான பீமுக்கு 21 நாளாவது முட்டு நிக்கணும். பி.பி.சி சிமென்ட்னா இன்னும் கூட்டித்தான் வைப்பாங்க. அது வரைக்கும் மேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தணும். நம்ம வெயிலுக்கு 10 நாளாவது கண்டிப்பா ஈரம் காயக்கூடாது, பி.பி.சி-க்கு 14 நாள். கான்கிரீட்டோட முழு பலத்தையே 28-ஆம் நாள் கணக்குலதான் சோதிச்சுப் பார்க்கறாங்க.

அதனால ஆள் இல்லாம, முட்டு மட்டும் நிக்கற அந்த மூணு வாரம் வேலை நடக்கற நாள்தான். கான்கிரீட் இறுகுது. சீக்கிரம் முடிச்சுக் காட்டணும்னு பத்தாவது நாளே முட்டைப் பிரிக்கச் சொன்னாத்தான் நாம பயப்படணும். சித்தப்பாவுக்கு இதை அப்படியே வாய்ஸ் நோட்டா அனுப்பினேன். தம்ஸ் அப் போட்டார்.

80 எதோட 80?

இப்ப அந்த சதவீதத்துக்கு வருவோம். மட்டப்பாவுக்கு அப்புறம் பாக்கி இருக்கறதை எழுதிப் பாருங்க. உள்பூச்சு, வெளிப்பூச்சு, தரை, கதவு ஜன்னல், வயரிங், பிளம்பிங், கழிப்பறை, செப்டிக் டேங்க், தண்ணித் தொட்டி, சமையல் கொட்டகை, பெயின்ட். அப்புறம் ஃபேன், நாற்காலி, அண்டா குண்டா. ஒவ்வொண்ணும் சின்னதா தெரியும், கூட்டினா பெருசா வரும். கண்ணுக்கு 80 சதவீதம் முடிஞ்ச கட்டடம், காசுக் கணக்குல பாதியைத்தான் தாண்டியிருக்கும். நம்ம ஊர்ப் பக்கம் பூசாத செங்கல்லோட, கம்பி வானத்தைப் பார்த்துக்கிட்டு வருஷக்கணக்கா நிக்கற பொதுக் கட்டடங்களைப் பாருங்க. பெரும்பாலும் மட்டப்பா போட்டதுக்கு அப்புறம் நின்னதுதான். உருவம் வந்ததும் கொடுக்கறவங்களுக்கும் முடிஞ்சிடுச்சுன்னு தோணிடுது.

அதனால "எவ்வளவு சதவீதம்?"னு கேட்கறதுல பிரயோஜனம் இல்லை. மூணு கேள்வி கேட்கலாம். எஸ்டிமேட்ல மொத்தம் எவ்வளவு, இது வரைக்கும் செலவு எவ்வளவு, பாக்கி வேலையோட பட்டியல் என்ன? இதுக்கு ஒரு பக்கக் காகிதம் போதும். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதல்ல உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கணும்னு லூக்கா சுவிசேஷத்துலயே ஒரு உவமை இருக்கு. அதனால கணக்குக் கேட்கறதை யாரும் அவிசுவாசம்னு சொல்ல முடியாது.

காசு அனுப்பற நமக்கும் கொஞ்சம் பொறுப்பு இருக்கு. வெளிநாட்டுல வேலை பார்க்கற இந்தியக் குடிமக்கள் சொந்தச் சம்பளத்துல இருந்து முறையா வங்கி வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வராது. ஆனா வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிட்ட அண்ணனோ அக்காவோ அனுப்பினா, எஃப்.சி.ஆர்.ஏ பதிவு இருக்கற அமைப்புதான் வாங்க முடியும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் அந்தப் பணம் முதல்ல டெல்லியில இருக்கற ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரணும். மத நோக்கத்துக்கான அமைப்புக்குக் கொடுக்கறதுக்குப் பொதுவா 80ஜி வரிச்சலுகையும் கிடைக்காது. அந்த எதிர்பார்ப்பு இல்லாம கொடுங்க, ஆனா ரசீது கேட்டு வாங்குங்க.

24 வருஷம் கட்டின ஒரு ஆலயம்

"ஐயோ, இவ்வளவு இழுக்குமா"ன்னு சோர்ந்து போகாம இருக்க ஒரு கதை. தூத்துக்குடி மாவட்டத்துல மெய்ஞ்ஞானபுரம்னு ஒரு ஊர் இருக்கு. தேரிக்காட்டுச் செம்மணல் பூமி. அங்க இருக்கற பரிசுத்த பவுல் ஆலயத்தோட கோபுரம் 192 அடி உயரம், ரொம்பத் தூரத்துல இருந்தே தெரியும். சி.எம்.எஸ் மிஷனரி ஜான் தாமஸ் காலத்துல, 1844-ல் அதுக்கு அடிக்கல் நாட்டினாங்க. 1847-ல் ஆராதனைக்குத் திறந்தாங்க. கோபுரம் முடிஞ்சது 1868-ல். அடிக்கல்லுக்கும் கோபுரத்துக்கும் நடுவுல 24 வருஷம். கோபுரம் முடிஞ்சு ரெண்டு வருஷத்துல, 1870-ல், ஜான் தாமஸ் இறந்துட்டார்.

நான் இதுல கவனிச்சது அந்த வரிசையைத்தான். ஜனங்க உள்ள வந்து உட்கார வேண்டிய இடம் மூணு வருஷத்துல தயார். பெருமைக்கான கோபுரம் 21 வருஷம் காத்திருந்துச்சு. நாம இப்ப பல இடத்துல இதைத் தலைகீழாப் பண்றோம். முதல்ல வாசல் ஆர்ச், முகப்பு, கொடுத்தவங்க பேர் செதுக்கின கிரானைட் கல்வெட்டு. கழிப்பறை "அடுத்த கட்டத்துல பார்த்துக்கலாம்".

சுவர் பேசின ஒரு ஆலயம்

இன்னொரு கதை இவ்வளவு சுகமானது இல்லை. திருநெல்வேலி மாவட்டத்துல வடக்கன்குளம். அங்க கத்தோலிக்கத் திருக்குடும்ப ஆலயத்தை 1870-கள்ல கட்டினப்போ அதோட வடிவமே வித்தியாசமா இருந்தது. ரெண்டு நீளமான கூடங்கள் தனித்தனியா வந்து பீடத்துல சேரும். மேல இருந்து பார்த்தா கால்சட்டை மாதிரி. ஏன் அப்படி? தங்களை உயர்ந்த சாதின்னு நினைச்சவங்க ஒரு கால்ல உட்காரவும், நாடார்கள் இன்னொரு கால்ல உட்காரவும்தான். ஒரே பீடம், ஒரே பூசை, ஆனா ஒருத்தரை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை.

1910-ல் கௌசானல் சுவாமியார் இருந்தப்போ அந்தத் தடுப்பை எடுத்தாங்க. எதிர்த்தவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. மைக்கேல் பிள்ளை எதிர் பிஷப் பார்த்தேன்னு அந்த வழக்கு மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஆலயத்துக்குள்ள சாதிப்படி தனி இடம் எங்க உரிமைன்னு கேட்டதை நீதிமன்றம் ஏத்துக்கலை.

ஒரு சுவரை எடுக்க ஏறக்குறைய 40 வருஷமும் ஒரு வழக்கும் தேவைப்பட்டிருக்கு. வரைபடத்துல அதே சுவர் ஒரு பென்சில் கோடு. யாரு உள்ள வரலாம், எங்க உட்காரலாம்னு கட்டடம் திறப்பு விழாவுக்கு ரொம்ப முன்னாடியே முடிவு பண்ணிடுது. பிளான் போடும்போது நாம என்ன கேட்கலையோ, அது கான்கிரீட்டா நின்னுடும்.

எங்க ஊர்க் கணக்கு

இதெல்லாம் படிச்சதுக்கு அப்புறம் நான் அந்தப் போட்டோவை மறுபடி பெருசு பண்ணிப் பார்த்தேன். அப்பத்தான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. கூடத்தோட பேஸ்மென்ட் மூணு அடி உயரம். முன்னாடி ஆறு படி. கைப்பிடி இல்லை. சாய்தளமும் இல்லை.

ஆச்சிக்கு ரெண்டு முழங்காலும் தேய்மானம். நம்ம வீட்டு ரெண்டு படியையே நிலையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறுவா. அவ ஐயாயிரம் கொடுத்த கூடத்துக்குள்ள அவளால போக முடியாது.

சாய்தளத்துக்கு நம்ம நாட்டுல சொல்ற அளவு 1-க்கு 12. ஒரு அடி ஏற 12 அடி நீளம். மூணு அடிக்கு 36 அடி வேணும், நடுவுல நின்னு இளைப்பாற ஒரு சமதளமும் வேணும். பேஸ்மென்ட் போடும்போதே யோசிச்சிருந்தா பக்கச் சுவரை ஒட்டியே சுலபமா வந்திருக்கும். பொதுமக்கள் வர்ற கட்டடத்துல மாற்றுத்திறனாளிகளுக்கு வழி இருக்கணும்னு 2016-ஆம் வருஷச் சட்டமே சொல்லுது. யாரும் வேணும்னு விடலை. கமிட்டியில இருந்தவங்க எல்லாம் படியேற முடிஞ்சவங்க, அவ்வளவுதான்.

நான் கட்டடக் கமிட்டியில இருக்கற ஒரு பெரியப்பாவுக்கு போன் பண்ணினேன். கோபப்படுவார்னு நினைச்சேன். முதல்ல கோபப்பட்டார். "மெட்ராஸ்ல உட்கார்ந்துக்கிட்டு கேள்வி கேட்கறது சுலபம்டா. நாங்க இங்க ஜல்லி லோடுக்கு நடுராத்திரி முழிச்சுக்கிட்டு நிக்கோம்." அது உண்மைதான். நான் ஒரு நாள் கூட அங்க நிக்கலை. அதை ஒத்துக்கிட்டேன். அப்புறம் ஆச்சியைப் பத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. "உங்க பெரியம்மாவும் இப்ப வாக்கர்லதான்டா நடக்கா"ன்னார்.

ரெண்டு நாள் கழிச்சு குரூப்புல ரெண்டு படம் வந்தது. ஒண்ணு, கையால எழுதின ஒரு பக்கக் கணக்கு: மொத்த எஸ்டிமேட், வரவு, செலவு, பாக்கி வேலை. 80 சதவீதம்ங்கறதை அடிச்சிட்டு "மேல்தளம் நிறைவு"ன்னு மட்டும் போட்டிருந்தாங்க. இன்னொண்ணு, வடக்குப் பக்கம் சுவரை ஒட்டிச் சுண்ணாம்பால போட்ட ஒரு நீளக் கோடு. 36 அடி நேரா போக இடம் பத்தாததால, ஒரு மடக்கு மடக்கி வருது. அதுக்காகச் சமையல் கொட்டகை பத்தடி பின்னாடி தள்ளிப் போகுது.

25,000-ஐ அனுப்பிட்டேன், சாய்தளத்துக்குன்னு குறிப்பு போட்டு. கல்வெட்டுல பேர் வேண்டாம்னும் சொல்லிட்டேன். சாய்தளத்துக்குக் கைப்பிடி போட இன்னும் காசு சேரணும். அதுக்கு எங்க கசின்ஸ் குரூப்புல நான் வசூல் ஆரம்பிச்சிருக்கேன். ஒரு நாள் லீவு போட்டுப் போய் ஜல்லி லோடுக்கும் நிக்கறதா பெரியப்பாகிட்ட சொல்லியிருக்கேன்.

கிறிஸ்துமஸ் அசனம் இந்த வருஷம் உள்ள நடக்காது. ஆச்சிகிட்ட அதைச் சொன்னேன். "வெளிய பந்தல் போட்டா என்னய்யா, எத்தனை வருஷமா அப்படித்தான தின்னுக்கிட்டு இருக்கோம்"னா. அப்புறம் கேட்டா, "அந்தச் சரிவுல வாக்கர் போகும்லா?"

போகும் ஆச்சி.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு படம் குரூப்புல வந்திருந்தா, காசு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பெருசு பண்ணிப் பாருங்க. உங்க வீட்டுல மெதுவா நடக்கற ஆள் எந்த வழியா உள்ள போவாங்கன்னு தேடுங்க. வழி தெரியலைன்னா உடனே போன் போடுங்க, பூச்சு வேலை ஆரம்பிக்கறதுக்குள்ள.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.